கைக்குழந்தை, நாலு வயசுப் பையனோடு சென்னையில் 5 நாள்: இந்தத் திட்டம் சரிப்படுமா?

தாமிரபரணி:

எல்லாருக்கும் வணக்கம். பிப்ரவரி முதல் வாரம் திருநெல்வேலியிலிருந்து சென்னை வருகிறோம். நாங்கள் இரண்டு பேர், நாலே கால் வயசுப் பையன், எட்டு மாசப் பாப்பா. சனிக்கிழமை காலை எழும்பூரில் இறங்குகிறோம், புதன் ராத்திரி வண்டிக்குத் திரும்புகிறோம். கார் கிடையாது. அறை எடுத்துத்தான் தங்க வேண்டும்.

இப்போதைக்குப் போட்டு வைத்திருப்பது இது:

சனி: காலை மெரினா, மதியம் தி.நகர், சாயங்காலம் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில்
ஞாயிறு: வண்டலூர் உயிரியல் பூங்கா, முழு நாள்
திங்கள்: மாமல்லபுரம், போகிற வழியில் முதலைப் பண்ணை
செவ்வாய்: கிண்டி சிறுவர் பூங்கா, பாம்புப் பண்ணை, பிறகு தட்சிணசித்ரா
புதன்: எழும்பூர் அருங்காட்சியகம், ராத்திரி ரயில்

தெரிய வேண்டியவை: எந்தப் பகுதியில் தங்கினால் வசதி? தள்ளுவண்டி கொண்டு வரலாமா, துணியில் கட்டிக்கொள்வதா? பாப்பாவுக்குத் தாய்ப்பால், ஒரு வேளை பவுடர் பால், இரண்டு வேளை கூழோ இட்லியோ. இதை வெளியில் எப்படிச் சமாளிப்பது? பையனுக்கு எதிலெல்லாம் டிக்கெட் எடுக்க வேண்டும்?

---

எழும்பூர்வாசி:

முதலில் கிழமைகளைப் பாருங்கள், அதில்தான் பெரிய சிக்கல். செவ்வாய்க்கிழமை கிண்டி சிறுவர் பூங்கா விடுமுறை, பக்கத்துப் பாம்புப் பண்ணையும் விடுமுறை, தட்சிணசித்ராவும் விடுமுறை. நீங்கள் செவ்வாய்க்குப் போட்டிருக்கும் மூன்றுமே பூட்டியிருக்கும். முதலைப் பண்ணைக்குத் திங்கள் விடுமுறை, அதையும் திங்களில்தான் போட்டிருக்கிறீர்கள். வண்டலூருக்கும் செவ்வாய் விடுமுறை. அருங்காட்சியகத்துக்கு வெள்ளி, அது உங்களைப் பாதிக்காது.

அடுத்தது ஒரு நாளைக்கு எத்தனை இடம் என்பது. எட்டு மாசக் குழந்தை பகலில் இரண்டு தடவை தூங்கும், ஒன்று ஒன்பதரை பத்து மணிக்கு, மற்றொன்று மதியம் ஒன்றரை இரண்டுக்கு. காலைத் தூக்கத்தை மடியிலோ மார்பில் கட்டிய துணியிலோ தூங்கிவிடும். மதியத் தூக்கம் மட்டும் படுக்கையில், இருட்டில், சத்தமில்லாமல் இருக்க வேண்டும். அது கெட்டால் சாயங்காலம் முழுக்க அழுகைதான், நாலு வயசுப் பையனும் அதோடு சேர்ந்துகொள்வான். ஆகவே காலையில் ஒரு வெளிப்போக்கு, பன்னிரண்டு மணிக்குள் அறை, நாலு மணிக்குமேல் பக்கத்தில் ஏதாவது ஓர் இடம். ஒரு வெளிப்போக்குக்கு ஒரு பகுதிதான். மெரினா, தி.நகர், மயிலாப்பூர் மூன்றையும் ஒரே நாளில் கோத்தால் பாதி நேரம் சிக்னலில் போய்விடும்.

இதற்கு ஏற்ற இடம் எழும்பூர். இறங்குவதும் ஏறுவதும் அங்கேதான். மெட்ரோவும் புறநகர் ரயிலும் ஒரே இடத்தில் கிடைக்கும். அருங்காட்சியகம் பக்கம். அரசுக் குழந்தைகள் நல மருத்துவமனை ஹால்ஸ் சாலையில் இருக்கிறது, அவசரம் என்றால் ராத்திரியிலும் ஆட்டோவில் சில நிமிடத்தில் போய்விடலாம். அறை எடுக்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: லிஃப்ட் இருக்கிறதா, எல்லா நேரமும் வெந்நீர் வருமா, 24 மணி நேரக் கணக்கா அல்லது பகல் 12 மணிக் கணக்கா. 24 மணிக் கணக்கில் சனி காலை 7 மணிக்கு நுழைந்தால் புதன் காலை 7 மணிக்குக் காலி செய்ய வேண்டும், ரயிலோ ராத்திரி. அந்தப் பகலுக்கு அறை இல்லாமல் பாப்பாவின் தூக்கமும் குளியலும் நடக்காது. இன்னொரு நாள் வாடகை கொடுங்கள், இல்லையென்றால் எழும்பூர் நிலையத்து ஓய்வறையை 12 மணி நேரத்துக்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

மாற்றிப் போட்ட திட்டம்:

சனி காலை குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுவிட்டுப் பத்தரைக்கு அருங்காட்சியகம். 1851-இல் தொடங்கியது, பல கட்டடங்கள். எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் பையன் சோர்ந்துவிடுவான். விலங்கியல் பகுதியில் திமிங்கல எலும்புக்கூடு இருக்கிறது, நேராக அதற்குப் போங்கள், அப்புறம் செப்புத் திருமேனிகள் இருக்கும் கூடம். ஒன்றேகால் மணி நேரம் போதும். சாயங்காலம் அறைப் பக்கமே இருங்கள், ராத்திரி ரயிலின் அலுப்பு இருவருக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

ஞாயிறு விடியற்காலை மெரினா. பிப்ரவரி தொடக்கத்தில் சூரியன் ஆறரையை ஒட்டி உதிக்கும். ஆறேகாலுக்கு மணலில் நில்லுங்கள். கிழக்குக் கரை என்பதால் உதயம் கடலிலிருந்தே எழும். எட்டு மணிக்குள் கிளம்பிவிடுங்கள், அதற்குமேல் மணல் சூடாகும், நிழல் என்று ஒன்றும் கிடையாது. சாலையிலிருந்து தண்ணீர்வரை மணல் மிக அகலம், பையனைத் தூக்கிக்கொண்டு நடந்தால் இடுப்பு விட்டுப்போகும். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மாற்றுத்திறனாளிகளுக்காக மரப்பாதை போட்டிருக்கிறார்கள், 2022 நவம்பரில் திறந்தது, சுமார் 260 மீட்டர். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகிப் பிறகு சரிசெய்தார்கள். கடலை நெருங்க அதுவே எளிய வழி. சக்கர நாற்காலி வந்தால் ஒதுங்கி வழிவிடுங்கள், பாதை அவர்களுக்கானது.

தண்ணீரைப் பற்றிக் கண்டிப்பாக ஒரு வார்த்தை. மெரினாவில் குளிப்பதற்குத் தடை, காரணம் இருக்கிறது. அலை திரும்பும்போது காலடி மணலை அரித்துக்கொண்டு போகும், கரை சட்டென்று ஆழமாகும். பெரியவர்களையே சாய்த்துவிடும் இழுப்பு அது. பையன் கால் நனைக்க ஆசைப்பட்டால் அலை வந்து தேய்கிற கடைசி விளிம்பில், கணுக்கால் அளவோடு நிறுத்துங்கள். அப்போதும் விரலையோ மணிக்கட்டையோ பிடிக்காதீர்கள். ஈர விரல் நழுவும். மணிக்கட்டைப் பிடித்துச் சுண்டி இழுத்தால் இந்த வயசில் முழங்கை எலும்பு மூட்டிலிருந்து விலகக்கூடும். பின்னால் நின்று இரண்டு அக்குளிலும் கைகொடுத்துப் பிடிப்பதே சரி.

ஞாயிறு சாயங்காலம் மயிலாப்பூர். கோயில் மதியம் நடை சாத்தி நாலு மணிக்குத்தான் திறக்கும். நாலரைக்குப் போனால் பிராகாரம் காலியாக இருக்கும், ஆறு மணிக்கு நிறைந்துவிடும். அன்று பிரதோஷமா என்று காலண்டரைப் பார்த்துவிடுங்கள். பிரதோஷம் என்றால் கூட்டமும் மேளச் சத்தமும் பாப்பாவுக்கு ஒத்துவராது, வேறு நாளுக்குத் தள்ளுங்கள்.

திங்கள் காலை வண்டலூர். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேட்டரி வண்டிக்கு நிற்கும் வரிசையிலேயே பையன் பொறுமை இழந்துவிடுவான், அதனால்தான் திங்கள். இடம் 602 ஹெக்டேர், நடந்து பார்க்கும் அளவில்லை. திறக்கும் நேரமான ஒன்பதுக்கு வாசலில் இருங்கள், உள்ளே போனதும் முதல் வேலை பேட்டரி வண்டி டிக்கெட். புலி, சிங்கமெல்லாம் காலையில்தான் நடமாடும், வெயில் ஏறினால் நிழலில் படுத்துவிடும், பையனுக்கு வாலும் காதும்தான் தெரியும். பிளாஸ்டிக் உள்ளே விடமாட்டார்கள், தண்ணீரும் பாப்பா சாப்பாடும் எவர்சில்வரில் இருக்கட்டும். பன்னிரண்டுக்கு வெளியே வந்துவிடுங்கள்.

செவ்வாய் காலை ஓய்வு. பத்து மணிக்குமேல் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். முதல் மாடி முழுக்கக் குழந்தைகளுக்கு இடம் விட்டிருக்கிறார்கள், நடுவே செயற்கை மரம், குட்டி நாற்காலிகள், குளிர்சாதனம், கட்டணம் இல்லை. வெயில் நேரத்துக்கு இதைவிட நல்ல இடம் சென்னையில் இல்லை என்பேன். சாயங்காலம் பாண்டி பஜார்.

புதன் காலை கிண்டி சிறுவர் பூங்கா. புதுப்பித்து 2024-இல் மறுபடி திறந்தார்கள். மரநிழல் நிறைய. வண்டலூரைவிடச் சிறிது, நாலு வயசுக் காலுக்கு அளவானது. பாம்புப் பண்ணை ஒட்டியே இருக்கிறது. பதினொன்றரைக்குத் திரும்பிவிடலாம்.

மாமல்லபுரத்தை விட்டுவிடுங்கள். போக ஏறக்குறைய 55 கி.மீ., வர அதே தூரம், அங்கே போனால் பாறையும் வெட்டவெளியும். பாப்பா நடக்கத் தொடங்கிய பிறகு, அங்கேயே ஓர் இரவு தங்குகிற மாதிரி வாருங்கள்.

---

தூளி:

தள்ளுவண்டியா துணியா என்ற கேள்விக்கு: இரண்டும் வேண்டும், ஆனால் வேறு வேறு இடத்துக்கு. ஒன்றுதான் முடியும் என்றால் துணி.

சென்னை நடைபாதையில் தள்ளுவண்டி மாட்டிக்கொள்கிற இடங்கள் மூன்று. நடைபாதை தொடங்கும் இடத்தில் ஓர் அடி உயரப் படி, பைக் ஏறாமல் இருக்க நட்ட கம்பிகளுக்கு இடையே குறுகிய சந்து, நடுவில் மின்பெட்டி. சாலையில் இறங்கித் தள்ள நேரும், வண்டியில் படுத்திருக்கும் குழந்தையின் முகம் சரியாகப் புகைக்குழாய் உயரத்தில் இருக்கும். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காகத் தடுப்புப் போட்ட சாலைகளில் நடக்கவே இடமில்லை. பெரிய சக்கரம் வைத்த கனமான வண்டி வேண்டவே வேண்டாம். குடை மாதிரி மடங்கும் 6, 7 கிலோ வண்டி என்றால் ஆட்டோவின் பின்னால் நிற்கும், ஒரு கையால் தூக்கலாம். நன்றாக ஓடும் இடங்கள்: பாண்டி பஜார் நடைபாதை (2019-இல் அகலப்படுத்தியது), பெரிய மால்கள், நூலகம், வண்டலூரின் உள்சாலை. கோயிலுக்கும் ரங்கநாதன் தெருவுக்கும் புறநகர் ரயிலுக்கும் துணிதான்.

துணி கட்டுவதில் செய்கிற தவறுகளைச் சொல்கிறேன், இதில்தான் ஆபத்து. நாலரை முதல் ஐந்து மீட்டர் பருத்தித் துணி, அல்லது நல்ல பழைய பருத்திச் சேலை. நைலானும் ஜார்ஜெட்டும் வழுக்கும், வியர்வையும் உறிஞ்சாது. பாப்பாவின் முகம் உங்கள் மார்பைப் பார்த்து இருக்க வேண்டும். தலையைக் குனிந்தால் உச்சியில் முத்தம் கொடுக்க முடிகிற உயரம். அதற்குக் கீழே போனால் குழந்தை சுருண்டு, தாடை நெஞ்சில் இடித்து மூச்சு தடைப்படும். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே இரண்டு விரல் எப்போதும் நுழைய வேண்டும். மூக்கும் வாயும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், முந்தானையைப் போட்டு முகத்தை மூடக்கூடாது. துணி ஒரு முழங்கால் மடிப்பிலிருந்து மறு முழங்கால் மடிப்புவரை பரவி, முழங்கால் பிட்டத்தைவிட மேலே, தவளை உட்கார்ந்த மாதிரி இருக்கட்டும். கால் நேராகத் தொங்கினால் இடுப்பு மூட்டுக்கு நல்லதல்ல.

சென்னையின் புழுக்கத்தில் இரண்டு உடம்பு ஒட்டியிருந்தால் சூடு சேரும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பின்கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். வியர்வை ஓடினால் அவிழ்த்து, நிழலில் பத்து நிமிடம் மடியில் விடுங்கள். பாப்பாவுக்கு ஒரு சுற்று மெல்லிய பனியன் போதும், துணியே இன்னொரு சட்டை மாதிரி.

காரில் போகும்போது ஒன்று. பாப்பாவைக் கட்டிக்கொண்டு, உங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே சீட் பெல்ட்டைப் போடாதீர்கள். பிரேக் போட்டால் உங்கள் எடை முழுக்கக் குழந்தைமேல் விழும். வாடகைக் காரில் குழந்தை இருக்கை இருக்காது. ஆகவே நீண்ட தூரத்துக்கு ரயில், மெட்ரோ, அருகே போக ஆட்டோ, இதுதான் பாதுகாப்பு. ஆட்டோவில் பாப்பாவை வைத்திருப்பவர் ஒரு பக்கம், இன்னொருவர் மறுபக்கம், பையன் இருவருக்கும் நடுவில். திறந்த ஓரத்தில் பெரியவர் உடம்பு இருக்க வேண்டும். வாடகை பைக் வேண்டாம். நாலு வயசுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஓட்டுபவரோடு இணைக்கும் பட்டையும், ஒன்பது மாசத்துக்குமேல் என்றால் ஹெல்மெட்டும் வேண்டும் என்று 2023 பிப்ரவரியிலிருந்து விதியே இருக்கிறது.

---

ரயில்பெட்டி:

டிக்கெட் கணக்கு மட்டும்.

மாநகரப் பேருந்து: ஐந்து வயசுக்குள் இலவசம். வெள்ளைப் பலகை சாதாரணப் பேருந்தில் அம்மாவுக்கும் இலவசம்.
புறநகர் ரயில்: ஐந்து வயசுக்குள் டிக்கெட் இல்லை. வெளியூர் வண்டியிலும் அப்படியே, ஆனால் தனிப் படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம். பையனுக்குத் தனியாக எடுக்கவில்லை என்றால் உங்களுக்குக் கீழ்ப்படுக்கை கிடைக்கிறதா என்று பாருங்கள்.
மெட்ரோ: வயசு இல்லை, உயரம். 90 செ.மீ.க்குள் இருந்தால் இலவசம். நாலு வயசுப் பிள்ளை பெரும்பாலும் ஒரு மீட்டர் இருப்பான், டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

மெட்ரோவில் லிஃப்ட் எல்லா நிலையத்திலும் உண்டு. ஆனால் எல்லா வாசலிலும் இல்லை. தெருவிலிருந்து எந்த வாசலில் லிஃப்ட் என்று பலகையில் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் ஆட்டோவை நிறுத்தச் சொல்லுங்கள். இல்லையென்றால் சாலையைக் கடந்து மறுபக்கம் போக வேண்டிவரும். எஸ்கலேட்டரில் தள்ளுவண்டியை ஏற்றாதீர்கள். உள்ளே நுழைய அகலமான கதவு ஒன்று ஓரத்தில் இருக்கும், வண்டிக்கு அதுதான்.

வண்டலூருக்கு எழும்பூரில் செங்கல்பட்டு போகும் புறநகர் ரயில். பாதி வண்டிகள் தாம்பரத்தோடு நின்றுவிடும், பலகையைப் பார்த்து ஏறுங்கள். காலையில் கூட்டமெல்லாம் நகருக்குள் வரும் திசையில். நீங்கள் எதிர்த் திசையில் போவதால் உட்கார இடம் கிடைக்கும். இந்த வண்டிகளில் கழிப்பறை கிடையாது, ஏறுமுன் பையனை அழைத்துப் போய்வந்துவிடுங்கள். நிலையத்திலிருந்து பூங்கா வாசலுக்கு ஆட்டோ. ஜி.எஸ்.டி. சாலையைக் குழந்தைகளோடு நடந்து கடக்க வேண்டாம்.

கிண்டிப் பூங்காவுக்கு எழும்பூரில் மெட்ரோ ஏறி, அடுத்த நிலையமான சென்ட்ரலில் நீல வழித்தடத்துக்கு மாறி, சின்னமலையில் இறங்கி ஆட்டோ.

---

கஞ்சிக்கலயம்:

சாப்பாட்டுக்கு வருகிறேன். எட்டு மாசத்தில் பாதி ஊட்டம் பாலில்தான், வெளியூரில் இருக்கும் ஐந்து நாள் திட உணவு கொஞ்சம் குறைந்தாலும் கவலை வேண்டாம். கேட்கும்போதெல்லாம் தாய்ப்பால் கொடுங்கள். பெரிய பேருந்து நிலையங்களில் 2015 முதல் தாய்மார்கள் பாலூட்டும் அறை இருக்கிறது, மால்களிலும் உண்டு. பூங்காவிலும் கடற்கரையிலும் துப்பட்டாவைவிட, முன்னால் திறக்கும் சட்டையும் தோளில் ஒரு பருத்தித் துண்டும் காற்றோட்டமாக இருக்கும்.

பவுடர் பால். தயாரித்து எடுத்துப் போகாதீர்கள். கலந்த பால் வெளிச்சூட்டில் இரண்டு மணி நேரம்தான் தாங்கும். குழந்தை வாய் வைத்துவிட்டால் ஒரு மணி நேரம், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். வெந்நீரும் பவுடரும் தனித்தனியாகப் போகட்டும். பவுடரில் கிருமி இருக்கலாம் என்பதால் தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஃப்ளாஸ்கில் முதலில் கொதிநீரை ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, பிறகு புதிதாகக் கொதித்த நீரை விளிம்புவரை நிரப்புங்கள். வெறும் ஃப்ளாஸ்கில் ஊற்றினால், அதுவும் பாதி நிரப்பினால், சீக்கிரம் ஆறிவிடும். புட்டியில் எப்போதும் தண்ணீர் முதலில், பவுடர் அப்புறம். பவுடரைப் போட்டுவிட்டுக் கோடுவரை தண்ணீர் ஊற்றினால் பால் கெட்டியாகி, குழந்தைக்கு மலச்சிக்கல், தாகம். பல டப்பாக்களில் 30 மி.லி.க்கு ஒரு கரண்டி, தலை தட்டி. உங்கள் டப்பாவில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே கணக்கு. ஆற்றுவதற்குக் குளிர்ந்த நீர் உள்ள டம்ளரில் புட்டியை நிறுத்தி, உள்மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.

கூழ். ராகி மாவை வெந்நீரில் கரைத்துக் கொடுக்கக்கூடாது. அது அடுப்பில் வெந்தால்தான் செரிக்கும், பச்சை மாவு வயிற்றை ஊதவைக்கும். அறையில் இருக்கும் மின் கெட்டிலில் கூழ் காய்ச்சினால் அடியில் பிடித்துக் கெட்டிலும் வீணாகும். அதனால் கிளம்புமுன் அவல் பொடி செய்துகொள்ளுங்கள்: கெட்டி அவல் ஒரு கப், பொட்டுக்கடலை கால் கப், இரண்டையும் வெறும் வாணலியில் நிறம் மாறாமல் வறுத்து, ஆறவிட்டு, நைசாக அரைத்துச் சலித்து, காற்றுப் புகாத டப்பாவில். இரண்டு மேசைக்கரண்டிப் பொடிக்குக் கொதிநீர் 120 மி.லி., கட்டியில்லாமல் கலக்கி ஏழு நிமிடம் மூடி வைத்தால் கூழ் பதத்துக்கு வரும். மேலே மசித்த வாழைப்பழம். முன்பே பொட்டுக்கடலை சாப்பிட்டுப் பழகாத குழந்தை என்றால் ஊரிலேயே மூன்று நாள் கொடுத்துப் பார்த்துவிடுங்கள், பயணத்தில் புது உணவு எதையும் தொடங்காதீர்கள். ஒரு வயசுக்குள் தேன் கூடாது, பசும்பால் குடிக்கக் கொடுப்பதும் கூடாது.

ஓட்டலில் பாப்பாவுக்கு இட்லி மட்டும். ஆவி பறக்க வருகிற தட்டா என்று பாருங்கள், மேல்தோலை நீக்கி, நடுப்பகுதியை வெந்நீர் விட்டுப் பிசையுங்கள். தேங்காய்ச் சட்னி பாப்பாவுக்கும் பையனுக்கும் வேண்டாம், முதலில் புளித்துப்போவது அதுதான். பழச்சாறில் ஐஸ் எங்கிருந்து வருகிறதென்று தெரியாது. இளநீரைக் கண்முன் வெட்டச் சொல்லி, உங்கள் டம்ளரில் வாங்கிப் பையனுக்குக் கொடுக்கலாம்.

இனி முக்கியமானது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு கைப்பையில் இருக்கட்டும். அதில் இரண்டு அளவு விற்கிறது: ஒரு லிட்டருக்கானது, 200 மி.லி.க்கானது. பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் உப்பு ஐந்து மடங்கு, குழந்தையின் நிலைமை இன்னும் மோசமாகும். பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவைப் படித்து, அளவு தெரிந்த பாட்டிலில் கரையுங்கள், 24 மணி நேரத்துக்குமேல் வைக்காதீர்கள். அட்டைப்பெட்டியில் விற்கும் இனிப்புப் பானம் இதற்கு ஈடல்ல. வயிற்றுப்போக்கு என்றால் பாப்பாவுக்கு ஒவ்வொரு போக்குக்குப் பிறகும் 50 முதல் 100 மி.லி., பையனுக்கு 100 முதல் 200 மி.லி., கரண்டி கரண்டியாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் நிறுத்தி, மறுபடி மெதுவாக.

ஆறு மணி நேரம் சிறுநீர் இல்லை, உச்சிக்குழி உள்ளே போயிருக்கிறது, அழுதால் கண்ணீர் வரவில்லை, எழுப்பினாலும் சொக்கிச் சொக்கி விழுகிறது என்றால் ஓ.ஆர்.எஸ். கொடுத்தபடியே மருத்துவமனைக்குப் போங்கள். அவசர ஊர்திக்கு 108.

---

தாமிரபரணி:

செவ்வாய்த் தவறு கண்ணில் படவே இல்லை, மிகுந்த நன்றி. 24 மணிக் கணக்கையும் யோசிக்கவில்லை. இன்னும் இரண்டு கேள்வி. தி.நகரில் சேலை எடுத்தே ஆக வேண்டும், வீட்டில் கல்யாணம். குழந்தைகளோடு அது நடக்குமா? கோளரங்கம் நூலகத்துக்குப் பக்கம்தானே, செவ்வாயன்று சேர்த்துக்கொள்ளலாமா?

---

எழும்பூர்வாசி:

கோளரங்கம் பக்கம்தான். ஆனால் காட்சி தொடங்கினால் அரங்கம் முழு இருட்டு, பெரிய குரல், நடுவில் எழுந்து போவது சிரமம். பாப்பாவோடு வேண்டாம். அப்பாவும் பையனும் மட்டும் போகட்டும், அம்மாவும் பாப்பாவும் அந்த நேரம் நூலகத்தில். பையனுக்கு இருட்டுப் பயம் இருந்தால் அதையும் விடுங்கள்.

---

தூளி:

சேலைக்கு: செவ்வாய் காலை, கடை திறந்ததும். சாயங்காலம் இல்லை. எழும்பூரில் புறநகர் ரயில் ஏறி மாம்பலத்தில் இறங்குங்கள். நிலையத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையத்துக்கு 2023-இல் ஆகாய நடைபாதை திறந்திருக்கிறார்கள், அரை கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல், லிஃப்டும் எஸ்கலேட்டரும் உண்டு. ரங்கநாதன் தெருவில் இறங்காமலே அந்தப் பக்கம் போய்விடலாம். அங்கிருந்து கடைக்கு ஆட்டோ.

எட்டு மணி அலுவலகக் கூட்டம் தணிந்த பிறகு, பத்துமணி வாக்கில் ரயில் ஏறினால் போதும். ஏறும்போது தள்ளுவண்டியை மடித்துவிடுங்கள், நடைமேடைக்கும் பெட்டிக்கும் இடையே இடைவெளி இருக்கிறது. ஒருவர் பாப்பாவைக் கட்டிக்கொண்டு முதலில் ஏற, மற்றவர் பையனைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு ஏற வேண்டும். பையனை நடந்து ஏறவிடாதீர்கள்.

கடையில் ஒருவர்தான் சேலை பார்க்க வேண்டும். மற்றவர் இரண்டு பிள்ளைகளோடு அதே மாடியில் உட்காரட்டும், வேறு மாடிக்குப் போனால் தேடுவதே வேலையாகிவிடும். எஸ்கலேட்டர் பக்கம் உட்கார வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குமேல் இழுத்தால் நூலகத்தை விட்டுவிட்டு அறைக்குப் போய்விடுங்கள்.

---

ரயில்பெட்டி:

கூட்டத்துக்குப் போகிறீர்கள் என்பதால் இதையும் செய்துவிடுங்கள். தினமும் காலை அறையை விட்டுக் கிளம்புமுன் இரண்டு பிள்ளைகளையும் அன்றைய உடையோடு முழு உருவமாகப் போனில் ஒரு படம். குழந்தை காணாமல் போன பதற்றத்தில் என்ன நிறச் சட்டை என்றே நினைவுக்கு வராது. பையனின் முன்கையின் உள்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் இரண்டு போன் எண், மேலே ஒட்டும் டேப் ஒரு துண்டு, வியர்வையில் அழியாது. பெயரை வெளியே தெரியும்படி எழுதாதீர்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவரைப் பிள்ளை தெரிந்தவர் என்று நம்பிவிடும். கைவிட்டுப் போனால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், பிள்ளையோடு இருக்கும் ஓர் அம்மாவிடமோ போலீசிடமோ கையைக் காட்ட வேண்டும் என்று ரயிலில் வரும்போதே இரண்டு மூன்று தடவை சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். ரயில் நிலையத்துக்குள் என்றால் 139, வெளியே என்றால் 1098.

---

கஞ்சிக்கலயம்:

கொசுவை யாரும் சொல்லவில்லை. டெங்கு கொசு பகலில் கடிக்கும், காலையும் சாயங்காலமும்தான் அதிகம், நீங்கள் வெளியே இருக்கும் அதே நேரம். இருவருக்கும் வெளிர் நிறத்தில் முழுக்கை பருத்தி. தள்ளுவண்டிக்கு வலை. பூசும் மருந்தைப் பாப்பாவின் கையில் பூசாதீர்கள், வாயில் வைத்துவிடும். எலுமிச்சை யூக்கலிப்டஸ் எண்ணெய் மூன்று வயசுக்குக் கீழ் கூடாது.

அறையில் நுழைந்ததும் கட்டிலைப் பாருங்கள். சுவருக்கும் மெத்தைக்கும் இடையே கையளவு இடுக்கு இருந்தால் பாப்பா உருண்டு அதில் சிக்கிக்கொள்ளும். தலையணையை அடைத்து வைப்பதும் சரியல்ல, முகம் புதையும். மெத்தென்று இல்லாத தடித்த விரிப்பைத் தரையில் போட்டு அங்கேயே படுக்க வையுங்கள், மின்விசிறி நேர்கீழே வேண்டாம். தரையோடு இருக்கும் பிளக் ஓட்டைகளுக்கு டேப். டேப்பை ஊரிலிருந்தே கொண்டு வாருங்கள், பையன் கையில் எண் ஒட்டவும் அதுவே ஆகும்.